கதவு பீடிங் கிறீச்சிடுகிறது: எண்ணெய் போடலாமா, மாற்றத்தான் வேண்டுமா?

குளச்சல் டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது ஐந்து கதவுள்ள ஒரு பழைய சிறு கார். என்ஜினில் குறை இல்லை, ஏசி குளிர்கிறது, டயர்கள் புதியவை. ஆனால் குண்டும் குழியுமான இடத்தில் மெதுவாகப் போகும்போது கதவுப் பக்கத்திலிருந்து கிறீச், கிறீச் என்று ஒரு சத்தம் வருகிறது. நல்ல சாலையில் இல்லவே இல்லை. தினமும் குளச்சலிலிருந்து திங்கள்நகர், இரணியல் வழியாகத் தக்கலைக்குப் பள்ளிக்கூடம் போகிறேன். குழாய் பதிக்கத் தோண்டி அரைகுறையாக மூடிய இடங்களில் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் இறங்கி ஏறும்போது சத்தம் உச்சத்துக்குப் போகும். பின்னிருக்கையில் வரும் சக ஆசிரியை, "டிக்கியில் கோழிக்குஞ்சு ஏதாவது கொண்டுபோகிறீர்களா?" என்று கேட்டுவிட்டார்.

சர்வீஸ் சென்டரில் காட்டினேன். அங்கிருந்த இளைஞர் தேசிய நெடுஞ்சாலையில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டுச் சத்தமே இல்லை என்றார். நான் விடாமல் நின்றதும், "மேடம், இந்த மாடலுக்கு இது இயல்புதான். வேண்டுமென்றால் எல்லாக் கதவுக்கும் ஓரத்தில் ஓடும் ரப்பர் பீடிங்கை மாற்றிவிடலாம்" என்றார். இயல்பு என்றால் எதற்காக மாற்ற வேண்டும்? மாற்ற வேண்டியது என்றால் அது எப்படி இயல்பு? கணக்கு டீச்சரிடம் இப்படியெல்லாம் பேசக் கூடாது.

வண்டி வெட்டவெளியில்தான் நிற்கிறது. வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். காலையில் முன்கண்ணாடியில் விரல் வைத்தால் உப்புப் படலம் பிசுபிசுக்கும். பீடிங் ரப்பர் எங்கும் கிழியவில்லை. ஆனால் பளபளப்பு போய் வெளிறிக் கிடக்கிறது, தொட்டால் விரலில் கருமை ஒட்டுகிறது. கதவைத் திறக்கும்போது ரப்பர் பெயின்டிலிருந்து மனமில்லாமல் பிரிவது காதுக்கே கேட்கிறது. இன்னொன்று: வண்டியைக் கழுவிய அன்று சத்தம் இருப்பதில்லை. மறுநாள் வெயில் ஏறியதும் வந்துவிடுகிறது.

என்ன தடவுவது? தடவினால் போதுமா, மாற்றத்தான் வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கருங்கல் வாடகைக்கார் எழுதியது:

டீச்சர், இதற்குப் போய் சர்வீஸ் சென்டரா? தேங்காய் எண்ணெயை ஒரு துணியில் தொட்டு ரப்பர் முழுக்கத் தடவிவிடுங்கள். ரப்பர் கருகருவென்று மின்னும், சத்தமும் நிற்கும். நான் எல்லா வண்டிக்கும் இதைத்தான் செய்கிறேன். நம் ஊரில் எண்ணெய்க்கா பஞ்சம்?

பழைய பட்டறைக்காரன், மார்த்தாண்டம் எழுதியது:

டீச்சர், தேங்காய் எண்ணெயைத் தலைக்கும் அவியலுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். கதவுக்கு வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

கார்க் கதவும் கண்ணாடியும்தான் எனக்குச் சோறு போட்ட தொழில். அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கேள்விக்குள்ளேயே பாதி விடை இருக்கிறது. கழுவிய அன்று சத்தம் இல்லை என்கிறீர்கள். தண்ணீர் ரப்பருக்கும் பெயின்டுக்கும் நடுவே நின்று வழுக்கிக் கொடுக்கிறது. காய்ந்ததும் பழைய பாட்டு. ஆகவே இது உரசலில் பிறக்கும் சத்தம். தளர்ந்த திருகோ, உடைந்த கிளிப்போ என்றால் தண்ணீரைக் கண்டு அடங்காது.

காரின் கூடு இரும்புதான் என்றாலும் முறுக்கினால் முறுகும். ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது கதவு உட்காரும் சட்டம் மூலைக்கு மூலை நூலளவு இழுபடுகிறது. கதவு கீலிலும் கொக்கியிலும் தொங்குவதால் அதே அளவுக்கு அதனோடு சேர்ந்து முறுகுவதில்லை. இரண்டுக்கும் நடுவே நசுங்கிக் கிடக்கும் பீடிங்தான் அந்த அசைவை வாங்கிக்கொள்ள வேண்டும். ரப்பர் வழுக்கினால் ஒன்றும் கேட்காது. வறண்டிருந்தால் பெயின்டைப் பிடித்துக்கொள்ளும். இழுவை மிஞ்சியதும் பிடிவிடும். விட்ட கையோடு மறுபடி பிடிக்கும். இது மளமளவென்று தொடர்ந்து நடந்தால் கிறீச். வயலின் வில் கம்பியில் நாதம் எழுப்புவதும் இதே வழியில்தான். அங்கே ரோசனம் தேய்த்துப் பிடியைக் கூட்டுகிறார்கள், இங்கே நாம் குறைக்க வேண்டும். சமமான நெடுஞ்சாலையில் ஓட்டிவிட்டுச் சத்தம் இல்லை என்று சொன்ன அந்த இளைஞரை உங்கள் குழாய்ப் பள்ளத்துக்கு அழைத்துப் போயிருக்க வேண்டும்.

முதலில் எந்தக் கதவு என்று பிடியுங்கள். ஈரத்துணியால் ஒரே ஒரு கதவின் பீடிங்கை மட்டும் நன்றாக நனைத்து, அதே பள்ளத்தில் மெதுவாக இறக்கி ஏற்றுங்கள். அடங்கினால் அதுதான். அடங்காவிட்டால் அடுத்த கதவு. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நனைத்தால் ஒன்றுமே தெரியாது. டிக்கிக் கதவை மறக்காதீர்கள். உங்களுடையது போன்ற வண்டியில் பின்பக்கத் திறப்பு பெரியது, அந்த இடம் அதிகமாக அசையும். டிக்கி பீடிங் கத்துவது முன்னால் இருப்பவருக்குப் பின்கதவில் கத்துவதுபோலக் கேட்கும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டும் ஓட்டிப் பாருங்கள். அதனால் சத்தம் மாறினால் குற்றவாளி பீடிங் அல்ல, கண்ணாடி ஓடும் ரப்பர் தடம்.

கதவு தெரிந்ததும் தடவ ஓடாதீர்கள். வேலையில் முக்கால் பங்கு சுத்தம் செய்வதில்தான் இருக்கிறது. ஒரு வாளித் தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பு, பழைய பனியன் துணி, அவ்வளவுதான். பீடிங்கின் மடிப்பை விரலால் விரித்து உள்ளே துடைக்க வேண்டும். துணியில் கருமை வருவது ஓயும்வரை துடையுங்கள். கொஞ்சம் கருமை கடைசிவரை வந்துகொண்டுதான் இருக்கும், அது ரப்பரின் நிறம், பயப்பட வேண்டாம். பெட்ரோல், தின்னர், மண்ணெண்ணெய் எதுவும் கூடாது. ரப்பரைத் துடைத்ததோடு நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். அந்த ரப்பர் போய் உட்காரும் எதிர்ப்பக்கப் பெயின்டையும் துடையுங்கள். கதவைச் சுற்றி வரிவரியாக ஒரு கோடு விழுந்திருக்கும் பாருங்கள், அந்தக் கோட்டின் மேல்தான் சத்தம் பிறக்கிறது.

உங்கள் ஊருக்கு இது இன்னும் முக்கியம். குளச்சல் காற்றில் உப்பு மட்டுமா வருகிறது? பக்கத்து மணவாளக்குறிச்சிக் கருமணலில் இல்மனைட் என்ற தாதுவோடு கார்னெட்டும் உண்டு. உப்புத்தாளில் ஒட்டுகிறார்களே, அந்தக் கார்னெட்தான். அந்தப் பொடி பீடிங் மடிப்பில் உட்கார்ந்துகொண்டு கதவு அசையும்போதெல்லாம் பெயின்டைத் தேய்க்கிறது. அதன்மேல் எண்ணெயைத் தடவினால், என்ஜின் வேலைக்காரர்கள் வால்வு உரசுகிற பசையை வீட்டிலேயே தயாரித்துவிட்டதாக அர்த்தம். தேங்காய் எண்ணெய் வழுக்கும், மறுக்கவில்லை. கருங்கல் தம்பியின் வண்டியில் சத்தம் நின்றிருக்கும். ஆனால் அது நாளடைவில் காறிப்போகும், சாலைத் தூசியை எல்லாம் பிடித்துவைக்கும். கிரீஸ், வேசலின், துரு இளக்கும் ஸ்ப்ரே இவையெல்லாம் அதைவிட மோசம். இந்த ரப்பர் பெட்ரோலிய எண்ணெயைக் குடித்து ஊதிக் குழைந்துவிடும்.

தடவ வேண்டியது சிலிக்கான் கிரீஸ். தேடி அலைய வேண்டாம். வீட்டுத் தண்ணீர் ஃபில்டர் பழுதுபார்ப்பவர்கள் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்துக்குத் தடவ வைத்திருப்பார்கள், அதே சாமான்தான். ஒரு கதவுக்குப் பட்டாணியளவு போதும். நன்றாக உலர்ந்த ரப்பரில் விரலால் இழுத்துத் தேய்த்து, கொஞ்ச நேரம் விட்டு, உலர்ந்த துணியால் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். தொட்டால் வழவழப்பு தெரிய வேண்டும், விரலில் பசை தெரியக் கூடாது. சிலிக்கான் ஸ்ப்ரே வாங்கினால் நேரே அடிக்காதீர்கள், துணியில் அடித்துத் தடவுங்கள். முன்கண்ணாடியில் பட்டால் மழையில் வைப்பர் ஓடும்போது கண்ணாடி மங்கலாகத் தெரியும். பிரேக் டிஸ்க்கிலோ பெடலிலோ பட்டால் ஆபத்து. வண்டிக்குப் பெயின்ட் அடிக்கும் எண்ணம் இருந்தால் அதை முடித்துவிட்டு இதற்கு வாருங்கள். சிலிக்கான் பட்ட இடத்தில் புதுப் பெயின்ட் உட்காராமல் குழிகுழியாக விலகும். பெயின்டர் உங்களைத் திட்டுவார்.

ஒரு எச்சரிக்கை. கடையில் வெறுமனே "சிலிக்கான்" என்று கேட்டால் மீன்தொட்டிக் கண்ணாடி ஒட்டும் பசைக் குழாயை எடுத்து நீட்டுவார்கள். திறந்தால் வினிகர் வாடை அடிக்கும். அதைத் தடவினாலும் சத்தம் கட்டாயம் நிற்கும், கதவும் திறக்காது.

குலசேகரம் ரப்பர்த்தோட்டம் எழுதியது:

ஆசான் சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். பீடிங்கில் இருப்பது நம் மரத்து ரப்பர் அல்ல. எங்கள் தோட்டத்தில் அதிகாலையில் வெட்டி எடுக்கும் பாலை ஃபார்மிக் அமிலம் சேர்த்து உறைய வைத்து, ரோலரில் அழுத்தி, புகைப்புரையில் உலர்த்தி ஷீட்டாக்குகிறோம். அது லாரி டயருக்கும் விமான டயருக்கும் போகும். ஆனால் வெயிலும் காற்றும் படும் கதவோரத்துக்கு அது சரிப்படாது. காற்றில் இருக்கும் ஓசோன், இழுபட்டு நிற்கும் இயற்கை ரப்பரைக் குறுக்கே வெடிக்க வைத்துவிடும். அதனால்தான் பீடிங்குக்கு இபிடிஎம் என்ற செயற்கை ரப்பர். எத்திலீன், புரோப்பிலீன் வாயுக்களிலிருந்து செய்வது. வெயில், ஓசோன், உப்புத் தண்ணீர் எதற்கும் அசையாது. எண்ணெய் விஷயத்தில் மட்டும் இரண்டும் ஒரே சாதி. ஷீட்டின் மேல் மண்ணெண்ணெய் கொட்டிவிட்டால் அது எப்படிக் கொழகொழவென்று ஆகும் என்று எங்கள் பக்கத்தில் சிறுபிள்ளைக்கும் தெரியும்.

இப்படி ரப்பர் விளையும் மாவட்டத்தில் கார்க் கதவுக்கு மட்டும் வெளி ரப்பர். விலை இறங்கும் காலத்தில் இதை நினைத்தால் எரிச்சலாக வரும். அது வேறு கதை.

கருங்கல் வாடகைக்கார் எழுதியது:

காறல் வாடை அடிப்பது உண்மைதான் அண்ணன். அதற்குத்தான் உள்ளே சந்தன வாசனை மாட்டியிருக்கிறேன். சரி, ஒரு சந்தேகம். முகப்பவுடர் போடலாமா? எங்கள் மாமா அம்பாசடர் வைத்திருந்த காலத்தில் பவுடர்தான் போடுவார்.

பழைய பட்டறைக்காரன், மார்த்தாண்டம் எழுதியது:

போடலாம் தம்பி. ரப்பருக்குக் கெடுதல் இல்லை, உரசலும் குறையும். பங்குனி வெயிலில் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் நம் மாவட்டத்துக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. நனைந்தால் பவுடர் மாவாகக் கட்டிக்கொள்ளும், சேலை கட்டி இறங்குகிறவர்கள் வெள்ளைக் கோட்டோடு இறங்குவார்கள். எந்தக் கதவு கத்துகிறது என்று கண்டுபிடிக்க மட்டும் பவுடர் நல்லது. மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

குளச்சல் டீச்சர் எழுதியது:

அண்ணன், நீங்கள் எழுதியபடியே செய்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் ஈரத்துணியோடு இறங்கிவிட்டேன். ஓட்டுநர் பக்கக் கதவில் ஒரு மாற்றமும் இல்லை. அதை நனைத்தாலும் காயவிட்டாலும் ஒன்றுதான். டிக்கியை நனைத்ததும் பாதிச் சத்தம் காணாமல் போனது. நான் பின்கதவு என்று சத்தியமே செய்திருப்பேன்.

டிக்கி பீடிங்கின் அடிப்பக்க மடிப்பில் வரிசையாகக் கருமணல். காந்தம் காட்டினால் கொஞ்சம் ஒட்டுகிறது. மகன் அதை எடுத்துத் தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறான். துடைத்து, உலர்த்தி, ஃபில்டர்காரரிடம் வாங்கிய கிரீஸை எல்லாக் கதவுக்கும் தடவினேன். கதவு இப்போது பிரியும் சத்தமே இல்லாமல் திறக்கிறது.

ஆனால் இடது பின்கதவு மட்டும் அடங்கவில்லை. பள்ளத்தில் இறங்கினால் முதலில் ஒரு "டக்", பிறகு வறட்டுச் சத்தம். ஈரத்துணி, கிரீஸ் இரண்டுக்கும் மசியவில்லை. கதவின் உள்பக்கத்தைக் கையால் அழுத்திப் பிடித்தால் நிற்கிறது என்று சக ஆசிரியை சொல்கிறார். அதற்காக அவரைத் தினமும் கதவைப் பிடித்துக்கொண்டே வரச் சொல்ல முடியாது. அப்படியென்றால் அந்தக் கதவின் பீடிங்கை மாற்றத்தான் வேண்டுமா?

பழைய பட்டறைக்காரன், மார்த்தாண்டம் எழுதியது:

வேண்டாம் டீச்சர். தண்ணீருக்கு மசியாதது ரப்பர் அல்ல. அந்தக் கதவைத் திறந்து, கதவு வந்து மாட்டும் தூணைப் பாருங்கள். வளையம்போல ஓர் இரும்புக் கொக்கி இருக்கும். கதவின் பூட்டு அதைத்தான் கவ்விப் பிடிக்கிறது. அந்தக் கொக்கியில் பூட்டு உட்காரும் இடத்தில் பளபளவென்று ஒரு தேய்மானம் தெரியும். பழைய கிரீஸ் காய்ந்து மணலோடு சேர்ந்து அடையாக ஒட்டியிருக்கும். அங்கே இரும்பும் இரும்பும் உரசுகின்றன. கையால் அழுத்தினால் நிற்பது அதனால்தான்.

சோதனை எளிது. கொக்கியைத் துடைத்துவிட்டு மின்சார வேலைக்கு ஒட்டும் கருப்பு டேப்பை ஒரே ஒரு சுற்று, இறுக்கமாகச் சுற்றுங்கள். இரண்டு சுற்று போட்டால் கதவு சரியாகப் பூட்டாமல் போகலாம். கதவு முழுதாகப் பூட்டுகிறதா என்று பார்த்துவிட்டு ஓட்டுங்கள். சத்தம் போனால் ஆள் அகப்பட்டான். டேப்பை எடுத்துவிட்டு, கொக்கியிலும் பூட்டின் வாயிலும் வெள்ளை லித்தியம் கிரீஸ் கொஞ்சம் வையுங்கள். இது இரும்புக்குரிய கிரீஸ், பீடிங்கில் படாமல் பாருங்கள். அதன் பிறகும் "டக்" வந்தால் கொக்கியை நூலளவு உள்ளே தள்ளி முடுக்க வேண்டும். அதற்குத் திருகை இளக்குமுன் பென்சிலால் கொக்கியைச் சுற்றிக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கோடு போடாமல் இளக்கினவர்கள் கதவைச் சாத்த முடியாமல் கயிறு கட்டி என் பட்டறைக்கு வந்திருக்கிறார்கள்.

பீடிங்கை எப்போது மாற்ற வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன், யாராவது கேட்பார்கள். கிழிந்திருந்தால், நசுங்கியது நசுங்கியபடியே எழும்பாமல் கிடந்தால், மழைத் தண்ணீர் உள்ளே வந்தால் மாற்றுங்கள். கூட்டின் விளிம்பில் குத்தி உட்காரும் வகைப் பீடிங்கின் வயிற்றில் ஒரு மெல்லிய இரும்புப் பட்டை இருக்கும். கடலோர வண்டிகளில் ரப்பருக்கு முன்னால் அதுதான் போகிறது. பீடிங் ஓரத்தில் செம்மண் நிறத்தில் கறை வடிந்திருந்தால், இழுத்தால் கையோடு வந்துவிட்டால், தடவிப் பயனில்லை. அந்த ஒரு கதவுக்கு மட்டும் மாற்றினால் போதும்.

ஆரல்வாய்மொழிக் காற்று எழுதியது:

இடையில் புகுகிறேன், மன்னிக்கவும். எனக்குக் கிறீச் இல்லை, விசில். முப்பந்தல் காற்றாலைகளைத் தாண்டும்போது முன்கதவின் மேல்மூலையில் ஊதுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்பதில்லை. இதற்கும் சிலிக்கான் கிரீஸ்தானா?

பழைய பட்டறைக்காரன், மார்த்தாண்டம் எழுதியது:

இல்லை. கிறீச் என்றால் பீடிங் அளவுக்கு மேல் பிடிக்கிறது. விசில் என்றால் பிடிக்கவே இல்லை. உங்கள் கணவாயில் அடிக்கும் காற்றுக்கு மயிரிழை இடைவெளி போதும்.

ஒரு தாளை விரலகலத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். அதைப் பீடிங்கின் மேல் வைத்துக் கதவைச் சாத்தி, மெதுவாக இழுங்கள். இறுக்கமாக வர வேண்டும். அந்த மேல்மூலையில் தொடங்கிக் கதவைச் சுற்றிலும் கைக்குக் கை இழுத்துப் பாருங்கள். எங்கே தாள் சும்மா உருவிக்கொண்டு வருகிறதோ, அங்கே காற்று போகிறது. ஓரிடம் மட்டும் என்றால் பீடிங் அந்த இடத்தில் தன் பிடியிலிருந்து நழுவியிருக்கலாம். விரலால் அழுத்தி உட்காரவைத்தாலே போதும். கதவின் மேல்பாதி முழுக்கத் தளர்வாக இருந்தால் கதவுச் சட்டம் வெளியே வளைந்திருக்கிறது. பூட்டிய கதவை யாராவது நெம்பித் திறந்திருந்தால் இப்படி ஆகும். அதை நேராக்கத் தெரிந்த ஆளிடம் நேரில் காட்டுங்கள், நீங்களே முழங்கால் வைத்து வளைக்க வேண்டாம்.

குலசேகரத்துக்காரருக்கு ஒரு வார்த்தை. ரப்பர் மரத்தடியில் வண்டி நிறுத்துகிறவர் நீங்கள். கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கும் மழைத்தண்ணீரை எந்தப் பீடிங்கும் தடுக்காது. அது கதவின் அடிவிளிம்பில் இருக்கும் சிறு துளைகள் வழியாக வடிய வேண்டும். இலைச் சருகும் மண்ணும் அதை அடைத்திருக்கும். ஈர்க்குச்சியால் குத்திப் பாருங்கள். கதவைச் சாத்தும்போது உள்ளே தண்ணீர் தளும்புவது கேட்டால் இன்றே செய்யுங்கள்.

குளச்சல் டீச்சர் எழுதியது:

டேப் சுற்றியதும் "டக்" போய்விட்டது அண்ணன். லித்தியம் கிரீஸ் திங்கள்நகரில் கிடைக்குமா, நாகர்கோவில்தான் போக வேண்டுமா?

பழைய பட்டறைக்காரன், மார்த்தாண்டம் எழுதியது:

பைக் ஸ்பேர் கடையிலேயே கேளுங்கள் டீச்சர். சிறிய டியூப் போதும். பெரிய டப்பா வாங்கினால் வீட்டில் இருக்கும் எல்லாக் கீலுக்கும் வைக்கச் சொல்லிவிடுவார்கள்.